வாயிலுக்கு வெளியே ஒரு காவலர்

பெரம்பலூரிலிருந்து அரியலூருக்குச் செல்லும் சாலையில், மக்காச்சோளக் கொல்லைகளும் பருத்திக் காடுகளும் மாறி மாறி வந்துபோகும் ஓரிடத்தில், அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்று இருக்கிறது. ஊர்ப் பெயர் வேண்டாம்; நான் சொல்லப்போவது அந்த ஒரு பள்ளிக்கு மட்டும் உரிய விருத்தாந்தம் அன்று. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அங்கே போகிறவர் கண்ணில் முதலில் படுவது, வகுப்பறைத் தாழ்வாரத்தில் குந்தி அமர்ந்து, உடைந்த மதுப்புட்டியின் சில்லுகளைத் தென்னந்துடைப்பத்தால் ஒதுக்கி, துடைப்பத்துக்கு அகப்படாத பொடிச் சில்லுகளை ஈரத் துணியால் ஒற்றி எடுத்து, பழைய பெயிண்ட் வாளி ஒன்றில் சேர்த்துக்கொண்டிருக்கும் துப்புரவுப் பணியாளரான ஓர் அம்மாள்தான். இன்னும் ஒரு மணி நேரத்தில் அதே தாழ்வாரத்தில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் செருப்பில்லாத காலோடு ஓடுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். சனி, ஞாயிறு இரவுகளில் அந்தத் தாழ்வாரம் ஊராரில் சிலருக்கு மதுக்கூடமாகிவிடுகிறது. சுற்றுச்சுவர் மூன்று பக்கம் கட்டி முடிந்திருக்கிறது. நாலாவது பக்கம் இன்னும் மதிப்பீட்டுக் காகிதத்தில் இருக்கிறது.

அந்தப் பள்ளியின் மேலாண்மைக் குழுக் கூட்டம் ஒன்றில் ஓரமாக உட்கார்ந்து கேட்கும் சந்தர்ப்பம் எனக்குக் கிடைத்தது. சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டும் தகப்பனார் ஒருவர் எழுந்து, “ஏதோ ஃபண்டு வருதுங்கிறாங்களே சார், அதுல நம்ம ஸ்கூலுக்குன்னு ஒரு போலீஸ்காரரைப் போட்டுட்டா என்ன? கேட்டுல ஏட்டய்யா நின்னா எவன் உள்ள வருவான்?” என்று கேட்டார். தலைமையாசிரியர் தலையசைத்தார், கூட்டமும் தலையசைத்தது. பின்வரிசையிலிருந்து ஒரு தாயார் மட்டும், “போலீசு நின்னா எம்பொண்ணு பயந்துக்கும் சார்” என்றார். மின்விசிறிச் சத்தத்தில் அது அமுங்கிப்போயிற்று. தீர்மானப் புத்தகத்தில் தகப்பனாரின் யோசனை ஏறிற்று. தாயாரின் ஆட்சேபணை ஏறவில்லை.

அந்த ஏறாத ஆட்சேபணையின் பக்கம்தான் நான் நிற்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதனால் தகப்பனாரின் கவலை பொய்யானது என்றோ, மிகைப்பட்டது என்றோ நான் எண்ணுவதாக யாரும் கொள்ள வேண்டாம். கல்விக்கூடங்களிலிருந்து நூறு கஜ தூரத்துக்குள் புகையிலை விற்கலாகாது என்று 2003ஆம் ஆண்டின் சட்டம் விதித்திருந்தும், குட்கா வகைகளுக்குத் தமிழ்நாட்டில் 2013 முதல் தடை இருந்தும், உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வைத்துக்கொள்ளும் ‘கூல் லிப்’ பொட்டலம் எட்டாம் வகுப்புப் பையனின் கணக்கு நோட்டுக்குள்ளிருந்து விழுவதை ஆசிரியர்கள் பார்க்கிறார்கள். மணிக்கட்டில் கட்டிய கயிற்றின் வர்ணத்தைக் கொண்டு இன்னார் இன்ன சாதி என்று பிள்ளைகள் அடையாளம் காண்கிறார்கள். பத்தாம் வகுப்பு முடிக்காத பெண்ணுக்கு வீட்டில் மாப்பிள்ளை பார்ப்பது பெரம்பலூர் மாவட்டத்தில் நெடுநாளைய நோய். இத்தனையையும் ஒரு தகப்பன் கண்டுகொண்டே இருந்தால், தனக்குத் தெரிந்த அதிகாரங்களில் எது மிகவும் கண்ணுக்குத் தெரிவதோ அதைக் கூப்பிடத்தான் செய்வான். அவனைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

‘ஏதோ ஃபண்டு’ என்று அவர் சொன்னதும் முற்றிலும் கற்பனையன்று. 2018ஆம் ஆண்டு ஜூலை 21ஆம் தேதி, அப்போதைய மத்திய உள்துறை அமைச்சர் ராஜ்நாத் சிங், ஹரியானாவின் குருகிராமில் ‘ஸ்டூடன்ட் போலீஸ் கேடட்’ என்ற திட்டத்தை நாடு முழுமைக்குமாகத் தொடங்கி வைத்தார். அரசுப் பள்ளிகளின் எட்டாம், ஒன்பதாம் வகுப்பு மாணாக்கர்களுக்கான அத்திட்டத்தில் பாடநூல் கிடையாது, பரீட்சை கிடையாது. சாலைப் பாதுகாப்பு, பெண்கள் குழந்தைகள் பாதுகாப்பு, ஊழல் எதிர்ப்பு, பெரியோரை மதித்தல், பொறுமை முதலிய விஷயங்களைப் பற்றி மாதம் ஒரு வகுப்பு. போலீஸ் நிலையம் போன்ற இடங்களுக்கு அழைத்துச் சென்று காட்டுதல். இவற்றுக்கான சாதனங்களுக்கும் பயிற்சிக்கும் சில்லறைச் செலவுக்குமாகப் பள்ளி ஒன்றுக்கு 50,000 ரூபாய். மாநிலங்களுக்கு இதன்பொருட்டு 67 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. நம் மாநிலத்தில், 2022ஆம் ஆண்டு செப்டம்பர் 14ஆம் தேதி முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சென்னையில் ‘சிற்பி’ என்ற இதே போன்ற திட்டத்தைத் தொடங்கினார்: சென்னை மாநகரின் 100 பள்ளிகள், எட்டாம் வகுப்பு மாணாக்கர் 5,000 பேர், செலவு 4 கோடியே 25 லட்சம் ரூபாய், அதாவது பிள்ளை ஒன்றுக்கு 8,500 ரூபாய். இரண்டிலும் பள்ளி வாயிலில் நிரந்தரமாக நிற்கும் காவலர் என்று ஒருவர் இல்லை. வகுப்பெடுக்க வந்து போகிறவர்தான் உண்டு. ஆனால் ஊரார் காதில் விழும்போது திட்டத்தின் நுட்பங்கள் உதிர்ந்துபோய், ‘பள்ளிக்குப் போலீஸ், அதற்குச் சர்க்கார் பணம்’ என்ற அளவில் செய்தி வந்து சேர்கிறது.

இனி அந்தப் பணத்தைக் கையில் எடுத்து எண்ணிப் பார்ப்போம். இரண்டாம் நிலைக் காவலர் ஒருவரின் அடிப்படைச் சம்பளம் மாதம் 18,200 ரூபாயில் தொடங்குகிறது. அகவிலைப்படியையும் சேர்த்துக்கொண்டால், பள்ளிக்குக் கிடைக்கும் ஐம்பதாயிரம், புதிதாய்ப் பணியில் சேர்ந்த காவலர் ஒருவரின் இரண்டு மாதச் சம்பளத்துக்கே காணாது. சமக்ர சிக்ஷா திட்டத்தின் கூட்டுப் பள்ளி மானியமோ மாணாக்கர் எண்ணிக்கைக்குத் தக்கபடி ஏறி, ஆயிரம் பேருக்கு மேல் படிக்கும் பெரிய பள்ளிக்கே ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாயில் நின்றுவிடுகிறது. அதிலேதான் சுண்ணக்கட்டியும், மின்கட்டணமும், கழிப்பறைக் குழாய்ப் பழுதும், பினாயிலும் அடங்க வேண்டும். போதாக்குறைக்கு, அந்தத் திட்டத்தின் மத்தியப் பங்கில் 2024–25ஆம் ஆண்டுக்கு வரவேண்டிய 2,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட தொகை, தேசியக் கல்விக் கொள்கை பற்றிய தகராறில் தடைபட்டு, தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்ட நேர்ந்தது. டெல்லியில் இருவர் முகம் திருப்பிக்கொண்டால் நின்றுபோகக்கூடிய பணத்தை நம்பி ஓர் ஆளை நியமிப்பது, கார்த்திகை மழையை நம்பிச் சித்திரையில் கடன் வாங்குவது போன்றது.

‘மானியம்’ என்ற சொல்லையே சற்று நினைத்துப் பாருங்கள். நம் முன்னோர் காலத்தில் மானியம் என்பது நிலம். இறையிலியாக விட்ட நிலம். சந்திராதித்தவரை, அதாவது சந்திரனும் சூரியனும் உள்ளவரை செல்லுபடியாகும்படி கல்லில் வெட்டிக் கொடுத்த நிலம். இதே அரியலூர்ச் சீமையில் கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராக்கிய ராஜேந்திரன் காலத்தில், இன்றைய விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரத்தில் 340 மாணாக்கர் படித்த கல்விச்சாலைக்கு ஏற்பட்ட நிவந்தம் நிலமாகத்தான் இருந்தது. ஆசிரியருக்கு இத்தனை நெல், மாணாக்கனுக்கு இத்தனை நெல் என்று நாள் கணக்கும் கல்லிலேயே இருக்கிறது. ஊர்க் காவலுக்குப் ‘பாடிகாவல்’ என்று தனியே ஒரு வரி இருந்தது. காவலுக்கு உரியது காவலுக்கு, கல்விக்கு உரியது கல்விக்கு என்று நம் பழைய கணக்கர்கள் பிரித்து எழுதியதில் ஒரு விவேகம் இருக்கிறது. இன்றைய மானியத்தின் ஆயுளோ மார்ச்சு 31 வரை. சந்திரனும் சூரியனும் இருந்த இடத்தில் ‘பயன்பாட்டுச் சான்றிதழ்’ வந்து உட்கார்ந்திருக்கிறது. மாதம் ஒரு வகுப்பு என்றால் இன்னும் விசேஷம். சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் திங்களும் வெள்ளியும் மட்டுமே தரிசனம் தருகிறாள். ஆனாலும் வாரத்தில் இரண்டு நாளாவது நடை திறக்கிறது! அம்மனுக்காகப் பக்தர்கள் காத்திருப்பார்கள். பதின்மூன்று வயதுப் பிள்ளையின் சங்கடம் அடுத்த மாத வகுப்பு வரை காத்திருக்காது.

பணம் நிரந்தரமாகவே கிடைத்துவிட்டது, ஆளும் நல்ல ஆளாகவே வாய்த்துவிட்டார் என்று வைத்துக்கொண்டாலும், பள்ளிக்குள் காக்கிச் சட்டையை நிறுத்துவதில் எனக்குச் சம்மதமில்லை. அதற்குக் காரணமான ஓர் அனுபவத்தைச் சொல்ல வேண்டும்.

நான் ஏழாம் வகுப்பு படித்த காலத்தில் பள்ளிகளில் ‘சஞ்சயிகா’ என்று ஒரு சிறுசேமிப்பு முறை உண்டு. பிள்ளைகள் கொண்டுவரும் நாலணா எட்டணாவை ஆசிரியர் வாங்கி, நீல நிறப் பாஸ்புத்தகத்தில் வரவு வைத்து, தகரப் பெட்டியில் போடுவார். ஒரு நாள் அந்தப் பெட்டியிலிருந்து முப்பத்தேழு ரூபாய் காணாமற்போயிற்று. தலைமையாசிரியர் கண்டிப்பானவர், ஊர் நிலையத்துக்குச் சொல்லியனுப்பினார், ஏட்டய்யா சைக்கிளில் வந்தார். அவர் ஒருவரையும் அடிக்கவில்லை, அதட்டவுமில்லை. அதை நான் சத்தியமாகச் சொல்ல முடியும். எங்கள் அனைவரையும் வரிசையாக நிற்க வைத்து, ஒவ்வொருவன் பெயரையும் கேட்டுக்கொண்டே வந்தவர், ஏரிக்கரைக் குடிசைகளில் தங்கிக் கல்லுடைத்துப் பிழைத்த குடும்பத்துப் பையன் ஒருவனிடம் வந்தபோது மட்டும் நின்று, தொப்பியைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு, “உங்கப்பன் பேரு என்னடா?” என்று கேட்டார். வேறு யாரிடமும் அப்பன் பெயரை அவர் கேட்கவில்லை. அந்த ஒரு கேள்விக்கு அவன் பதில் சொல்வதற்குள் எங்கள் நாற்பது பேருடைய தலைகளும் அவன் பக்கம் திரும்பிவிட்டன. எட்டாம் நாள் பணம் அகப்பட்டது; அலமாரி இழுப்பறையில் விரித்திருந்த பழைய செய்தித்தாளுக்கு அடியில், ஆசிரியர் தம் கையாலேயே வைத்து மறந்திருந்தார். அதற்குள் அந்தப் பையன் பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டான். அவன் காம்பஸ் முனையால் பெஞ்சில் கீறி வைத்திருந்த பெயர் மட்டும், நான் பத்தாம் வகுப்பு முடித்துப் போகும்வரை அங்கேயே இருந்தது.

அந்த ஏட்டைக் கொடியவர் என்று நான் இன்றும் நினைக்கவில்லை. அவர் தம் உத்தியோக தர்மத்தைச் செய்தார். குற்றம் ஒன்று நடந்துவிட்டால் அதற்குரிய ஆளைத் தேடுவதே அவருக்குப் பழகிய வித்தை; அந்த வித்தையைப் பிள்ளைகள் நடுவில் செய்து காட்டும்போது, பணம் அகப்படுவதற்கு முன்பே ஒரு பிள்ளை அகப்பட்டுவிடுகிறான். அகப்படுகிறவன் எந்தத் தெருப் பிள்ளையாக இருப்பான் என்பதற்கு ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை. நம் நாட்டில் போலீஸும் பள்ளியும் ஏறக்குறைய ஒரே கூரையின்கீழ் இருந்த காலமும் உண்டு. குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கு விரிந்த பிறகு, மதுரைப் பக்கத்தில் கள்ளர் சீரமைப்புத் திட்டத்தின்கீழ்ப் பள்ளிகள் எழுந்தன. அவை பல தலைமுறைகளுக்கு எழுத்தறிவித்தன; இன்றும் மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் நடைபெறுகின்றன; அவற்றின் நற்பயனை மறுப்பது நன்றி கொன்றதாகும். என்றாலும், மகனுக்குச் சிலேட்டுக் கொடுத்த அதே சர்க்கார், தகப்பனிடம் கைரேகை வாங்கிக்கொண்டிருந்தது. 1947இல் அந்தச் சட்டம் இந்த மாகாணத்தில் ரத்தாயிற்று. ஏட்டய்யா கேட்ட கேள்வி அதற்குப் பிறகும் எத்தனையோ ஆண்டு உயிரோடிருந்தது.

நம் சட்டமே இந்த விஷயத்தில் நம்மைவிட நுட்பமாகச் சிந்தித்திருக்கிறது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், பாதிக்கப்பட்ட குழந்தையிடம் வாக்குமூலம் வாங்கும் போலீஸ் அதிகாரி சீருடையில் இருக்கலாகாது என்று 24ஆம் பிரிவில் விதிக்கிறது. கூடுமானவரை உதவி ஆய்வாளர் தகுதிக்குக் குறையாத பெண் அதிகாரியே, குழந்தையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ வைத்துக் கேட்க வேண்டும் என்கிறது. இளைஞர் நீதிச் சட்டம், 2015, ஒவ்வொரு போலீஸ் நிலையத்திலும் குழந்தைகள் நலக் காவல் அலுவலர் என்று ஒருவர் இருக்க வேண்டும் என்றும், மாவட்டந்தோறும் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத ஒருவரின் தலைமையில் சிறார் சிறப்புக் காவல் பிரிவு இயங்க வேண்டும் என்றும், அதில் சமூக சேவகர் இருவர், அவர்களில் ஒருவர் பெண், இடம்பெற வேண்டும் என்றும் 107ஆம் பிரிவில் சொல்கிறது. இந்த அலுவலர்களுக்குச் சம்பளம் ஏற்கனவே கருவூலத்திலிருந்து போய்க்கொண்டிருக்கிறது. மானியம் ஒன்றும் தேவையில்லை. எத்தனை பள்ளிகளில், தம் நிலையத்துக் குழந்தைகள் நலக் காவல் அலுவலர் இன்னார் என்று பிள்ளைகளுக்கு வேண்டாம், ஆசிரியர்களுக்காவது தெரியும்? காக்கியைக் கண்டால் குழந்தையின் நா எழாது என்று பாராளுமன்றம் உணர்ந்து சட்டம் செய்திருக்கும்போது, நாம் பணம் கொடுத்துக் காக்கியைக் கூப்பிட்டு வாயிலில் நிறுத்துவது விபரீதம். சோறு உண்ணாத பிள்ளையைப் ‘போலீஸ்காரன் பிடிச்சிக்கிட்டுப் போயிடுவான்’ என்று மிரட்டி வளர்த்ததும் நாம்தானே!

இந்தப் பரீட்சையை நம்மைவிடப் பன்மடங்கு செலவில் செய்து பார்த்த தேசம் அமெரிக்கா. 1999ஆம் ஆண்டு ஏப்ரலில் கொலம்பைன் பள்ளியில் துப்பாக்கிச் சூடு நடந்த பிறகு, மத்திய அரசு பள்ளிகளுக்குப் போலீசாரை அமர்த்த மானியங்களை அள்ளிக் கொடுத்தது. மூன்றாண்டுகளுக்கு மானியம் வரும். அதன்பின் சம்பளச் சுமை உள்ளூரின் தலையில் ஏறும். 2018இல் புளோரிடாவின் பார்க்லண்டில் 17 பேர் கொல்லப்பட்டபோது, அந்தப் பள்ளிக்கென்றே நியமித்திருந்த அதிகாரி கட்டடத்துக்கு வெளியே நின்றுவிட்டார். 2022இல் டெக்சாஸின் யுவால்டியில் 19 குழந்தைகளும் இரண்டு ஆசிரியைகளும் மடிந்தபோது, பல துறைகளைச் சேர்ந்த 376 அதிகாரிகள் வந்து சேர்ந்திருந்தும், கொலையாளியை அணுக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. போலீஸ்காரர் ஒருவரின் பிடியில் ஜார்ஜ் ஃபிளாய்ட் உயிரிழந்த பின் மின்னியாபொலிஸ் நகரப் பள்ளி வாரியம் போலீஸ் துறையோடு இருந்த ஒப்பந்தத்தையே முறித்துக்கொண்டது. துப்பாக்கிப் பயம் அவர்களுக்கு. நமக்கு அது இல்லை. இருக்கிற இடத்திலேயே இந்த லட்சணம் என்பதைக் குறித்துக்கொண்டு மேலே செல்வோம்.

கேரளத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் அது பட்சபாதமாகும். தேசியத் திட்டத்துக்கு முன்மாதிரியே அதுதான். 2010ஆம் ஆண்டு ஆகஸ்டில் 127 பள்ளிகளில் தொடங்கிய அந்த மாணவர் போலீஸ் முறையில், படையை நடத்துகிறவர்கள் பெரும்பாலும் அந்தந்தப் பள்ளியின் ஆசிரியர்களே. போலீசார் அணிவகுப்புக் கற்பிக்க வந்து போவார்கள். சாரணர் இயக்கம்போல, தேசிய மாணவர் படைபோல அது ஒரு பயிற்சி; அதில் சேர்ந்த பிள்ளை விரும்பிச் சேர்ந்தவன்; போலீஸ் நிலையத்துப் படியேறி மனுக் கொடுக்கக் கூச்சமின்றிப் பழகுகிறான். இதற்கு யார் மானியம் கொடுத்தாலும் எனக்கு மனத்தாங்கல் இல்லை. நான் மறுப்பது பிள்ளைகள்மேல் கண் வைத்துக்கொண்டு பள்ளியில் குடியிருக்கும் காவலரை.

நாங்குநேரியை நினைத்துப் பார்க்க வேண்டும். சக மாணவர்களின் சாதித் துன்புறுத்தல் தாங்காமல் ஒரு பட்டியலினப் பையன் பள்ளிக்கு வராமல் நின்றுவிட்டான். ஏன் வரவில்லை என்று பள்ளி கேட்டது. அவன் நடந்ததைச் சொன்னான். சொன்ன அன்றிரவே, 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் தேதி, அவன் வீட்டுக்குள் புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. வெட்டு நடந்த இடம் வீடு. பள்ளி வாயிலில் ஒரு காவலர் விறைப்பாக நின்றிருந்தாலும் அது நடந்தேயிருக்கும். குறையாக இருந்தது வேறு: அந்தப் பையன் வாய் திறந்த நிமிஷத்தில், இது வெறும் பள்ளிக்கூடச் சண்டையன்று என்று உணர்ந்து, அவன் சொன்னதை ரகசியமாகக் காத்து, அன்று மாலையே குடும்பத்தையும் நிலையத்தையும் உஷார்ப்படுத்தத் தெரிந்த, அதற்கென்றே பழகிய ஒருவர் பள்ளிக்குள் இல்லை. அச்சம்பவத்தின் விளைவாக நியமிக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவின் ஒருநபர் குழு 2024 ஜூன் 18ஆம் தேதி கொடுத்த அறிக்கையில், ஐந்நூறு பேருக்கு மேல் படிக்கும் பள்ளிகளுக்குப் ‘பள்ளி நல அலுவலர்’ என்ற பதவி வேண்டும் என்று பரிந்துரை இருக்கிறது. சாதித் தொல்லை, போதைப் பழக்கம், பாலியல் சீண்டல், ராகிங் இவற்றை விசாரிக்கவும் தடுக்கவும் அவர் பொறுப்பாவார். சீருடை இல்லாதவர், லத்தி இல்லாதவர், பிள்ளைகளின் பெயர் தெரிந்தவர். பள்ளியில் ஓர் ஆளைப் போட வேண்டும் என்று தகப்பனார் கேட்டாரே, அந்த ஆள் இவர்தான்.

இப்போது இருப்பது என்ன? பல ஆண்டுகளுக்கு முன் மாநிலம் முழுமைக்கும் பத்து நடமாடும் ஆலோசனை வண்டிகள் விட்டார்கள். ஒரு வண்டிக்கு மூன்று நான்கு மாவட்டம். வண்டி வருகிற நாளில் வருத்தப்படும்படி பிள்ளைகளைப் பழக்க முடியுமா? பள்ளிதோறும் ‘மாணவர் மனசு’ என்ற புகார்ப் பெட்டி வைத்தார்கள், நல்ல ஏற்பாடு, ஆனால் பெட்டிக்குக் காது உண்டே தவிர வாய் இல்லை. 14417, 1098 என்ற எண்கள் இருக்கின்றன. கைப்பேசி தகப்பன் சட்டைப்பையில் இருக்கும் வீட்டில் ஒரு சிறுமி அந்த எண்ணை எப்போது அழுத்துவாள் என்பதை யோசிக்க வேண்டும். மத்தியான இடைவேளையில், புளிய மரத்தடியில், “என்னம்மா, நேத்து வரலியே?” என்று கேட்கிற ஒரு மனிதக் குரலுக்கு இவை எதுவும் ஈடாகா.

அப்படியானால் போலீஸ் வேண்டவே வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும், நிரம்ப வேண்டும், பள்ளி வாயிலுக்கு வெளியே வேண்டும். நூறு கஜ தூரத்துக் கடைகளில் வேண்டும். குழந்தைக்குப் புகையிலையோ மதுவோ கொடுப்பவனுக்கு ஏழாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க இளைஞர் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவு இடம் கொடுத்திருக்க, பெட்டிக்கடைக்காரரிடம் இருநூறு ரூபாய் ஸ்பாட் ஃபைன் வாங்கிக்கொண்டு போகாமல், அந்தச் சரக்கைக் கொண்டுவந்து இறக்கும் வேனைப் பிடிக்க வேண்டும். அரியலூரில் சிமெண்ட் ஆலைகளுக்குக் கல் ஏற்றிச் செல்லும் லாரிகள் வரிசை பிடித்துப் போகும் சாலைகளில், காலை எட்டரை முதல் ஒன்பதரை வரையும் மாலை நாலு முதல் ஐந்து வரையும் கை காட்டி நிறுத்த ஒருவர் வேண்டும். கூட்டத்தில் எழுந்து பேசிய தகப்பனாரே அப்படி ஒரு லாரியின் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவர் என்பதால், அதன் அவசியம் அவருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. திருச்சி–சென்னை நாற்கரச் சாலையைப் பாடாலூரிலும் சிறுவாச்சூரிலும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடக்கும் பிள்ளைகளுக்கு வேண்டும். பெரம்பலூர்ப் பேருந்து நிலையத்தில், படிக்கட்டில் தொங்கும் பையன்களை உள்ளே ஏற்றிவிட்டபின் பேருந்துக்கு விசில் கொடுக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளைகள் வீட்டில் தூங்கும் நேரத்தில் பள்ளியில் போலீஸ் வேண்டும். வங்கி வாசலிலும், ஏ.டி.எம். அருகிலும், நகைக்கடைச் சுவரிலும் ரோந்துக் காவலர் வந்து கையெழுத்திடும் ‘பட்டா புத்தகம்’ தொங்குவதைப் பார்த்திருக்கிறோம். இரவு பதினொரு மணிக்கு ஒரு முறை, இரண்டு மணிக்கு ஒரு முறை இரு சக்கர வாகனத்தில் வந்து, டார்ச் அடித்துப் பார்த்து, நேரம் குறித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். அந்தப் புத்தகம் ஒன்று பள்ளித் தாழ்வாரத்தில் தொங்குமானால், திங்கட்கிழமை காலையில் அந்த அம்மாளுக்கு ஈரத் துணி தேவைப்படாது. இதற்கு ஆகும் செலவு ஒரு நோட்டுப் புத்தகத்தின் விலை.

நல அலுவலருக்குச் சம்பளம் எங்கிருந்து வரும்? முறைப்படி அது மாநில வரவு செலவுத் திட்டத்தில், நிரந்தரப் பணியிடமாக, வரவேண்டும். வேறு வழியில் வருவதெல்லாம் ஒட்டுப்போட்ட சட்டை. ஆனால் அரசு அறிக்கையைப் படித்து, உட்குழு அமைத்து, கோப்பு நகர்ந்து வரும்வரை அரியலூரின் பிள்ளைகள் காத்திருக்க அவசியமில்லை. அவர்கள் காலடியில் சுண்ணாம்புக்கல் இருக்கிறது. 1979இல் அரசு சிமெண்ட் ஆலை உற்பத்தி தொடங்கியது முதல், தனியார் ஆலைகளும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, அந்த மண்ணைத் தோண்டித் தேசமெங்கும் வீடு கட்டுகின்றன. 2015இல் கனிமச் சட்டத்தைத் திருத்தியபோது, சுரங்கத்தால் பாதிக்கப்படும் மக்களின் நன்மைக்கென்று மாவட்டக் கனிம அறக்கட்டளையை ஏற்படுத்தினார்கள். பழைய குத்தகைக்காரர்கள் தாம் செலுத்தும் ராயல்டியில் 30 விழுக்காட்டுக்குச் சமமான தொகையை அதில் சேர்க்க வேண்டும். அதன் பெரும்பகுதி குடிநீர், சுகாதாரம், கல்வி, பெண்கள் குழந்தைகள் நலம் ஆகியவற்றுக்குச் செல்ல வேண்டும் என்பது விதி. ஆட்சியரும் அறக்கட்டளைக் குழுவினரும் மனம் வைத்தால், சுரங்கத்தை ஒட்டிய ஊர்களில் ஐந்நூறு பேருக்கு மேல் படிக்கும் பள்ளிகளுக்குத் தலா ஒரு மனநல ஆலோசகரை, குறைந்தது ஐந்தாண்டு ஒப்பந்தத்தில், இன்றே அமர்த்தத் தொடங்கலாம். சந்திரனும் சூரியனும் உள்ளவரை இல்லாவிட்டாலும், சுண்ணாம்புக்கல் உள்ளவரையாவது அந்த மானியம் நிற்கும். பெரம்பலூரில் கல் குவாரிகள் இருக்கின்றன. அங்கும் இத்தகைய வழியைத் தேடிப் பார்க்கலாம்.

மேலாண்மைக் குழுவின் உறுப்பினர்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த கூட்டத்தில் தீர்மானப் புத்தகத்தைத் திறக்கும்போது, போலீஸ்காரரைக் கேட்ட தீர்மானத்தை அடித்துவிட வேண்டாம். ‘பள்ளிக்கு’ என்ற சொல்லின் பின்னே ‘வெளியே’ என்று ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டு, பட்டா புத்தகம் ஒன்று வைக்கும்படி நிலைய ஆய்வாளருக்கும், நல அலுவலர் வேண்டும் என்று மாவட்ட ஆட்சியருக்கும் இரண்டு மனுக்கள் எழுதுங்கள். பின்வரிசையில் இருந்த அந்தத் தாயாரை முன்வரிசையில் உட்கார வைத்து, அவர் சொன்னதை அவர் சொன்ன வார்த்தைகளிலேயே புத்தகத்தில் ஏற்றி, அவர் கையெழுத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள்.